கொரியா டப்பாவில் கொல்லிமலை வல்லாரை!

சேலத்தில் படிக்கும் என் மகள் போன கோடை லீவுக்கு மலைக்கு வந்தபோது, பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் தயங்கித் தயங்கி என்னிடம் நீட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பா. மூடியில் பச்சை இலைப் படம். சுற்றிலும் எனக்குப் புரியாத கொரிய எழுத்து.

"திட்டாதேம்மா. 900 ரூபாய். உன் முகத்துக்குத்தான் வாங்கினேன்" என்றாள்.

900 ரூபாய்! அந்தப் பணத்தில் வீட்டுக்கு இரண்டு வாரக் காய்கறி வாங்கிவிடுவேனே என்று திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். "சென்டெல்லா ஏஷியாட்டிகா. என்னன்னு தெரியுதா? நம்ம வரப்புல மிதிச்சுக்கிட்டுப் போறோமே, அந்த வல்லாரைம்மா!"

திண்ணையில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த என் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏங்கண்ணு, அந்த ஊர்ல துவையல் அரைக்கிறதை விட்டுட்டு மூஞ்சியிலயா அப்பிக்கிறாங்க?"

நானும் சிரித்தேன். ஆனால் டப்பாவைத் திறக்கவில்லை. ஒரு வாரம் அது அலமாரியில் அப்படியே இருந்தது. காரணம், முகத்தில் பூசுகிற சமாசாரத்தில் நான் ஏற்கெனவே சூடு கண்ட பூனை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சூடுபட்ட கதை

நான் ராசிபுரம் பக்கத்துச் சமவெளியில் பிறந்து, 20 வயதில் கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தவள். இங்கே எப்போதும் குளுகுளுவென்று காற்று வீசும். வெயில் உறைக்காது. உறைக்காத தைரியத்தில் மரவள்ளிக் காட்டிலும் தோட்டத்திலும் தலைக்கு ஒரு துணிகூட இல்லாமல் நாளெல்லாம் நிற்போம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. 40 தாண்டியதும் கண்ணோரத்தில் கோடுகளும் சேர்ந்துகொண்டன.

நாலு வருஷத்துக்கு முன்னால், கீழே ஒரு கடையில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு கிரீம் வாங்கினேன். பத்தே நாளில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது! கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். பெருமையோடு நாலு பேருக்குச் சொன்னேன். அதில் ஒருத்தி என் ஓரகத்தி.

இரண்டு மாதம் போனது. அடுப்பு முன்னால் நின்றால் முகம் காந்தியது. கன்னம் சிவந்து பொடிப் பொடியாகப் பருக்கள் வந்தன. ரோமம் வளர்ந்தது. கிரீமை நிறுத்தினால் இன்னும் மோசமாயிற்று. சேலத்தில் தோல் டாக்டரம்மாவிடம் போனபோது டியூபை வாங்கிப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார், "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது. சில வியாதிகளுக்கு நாங்கள் அளவோடு, சில நாட்களுக்குக் கொடுக்கும் மருந்து. இதை அழகுக்குப் பூசலாமா?" என் முகம் பழையபடி ஆக எட்டு மாதம் பிடித்தது. என் ஓரகத்தி, நிறுத்தினால் முகம் கெட்டுவிடும் என்று பயந்து ஒரு வருஷம் பூசியிருக்கிறாள். அவள் கன்னத்தில் தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரிவது இன்றைக்கும் மாறவில்லை. அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் என்னை அதிகமாக உறுத்துகிறது.

ஆகவே இந்தத் தடவை அவசரப்படவில்லை. அடுத்த முறை சேலம் போனபோது கொரியா டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போனேன். அவர் பொறுமையாக ஒவ்வொரு சரக்கின் பெயரையும் சொல்லி விளக்கினார். மகளும் தேடிப் படித்து விவரம் சேர்த்தாள். எனக்கு விளங்கிய வரையில் அவற்றைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

தோல் ஏன் தளர்கிறது?

நம் தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற புரத நார்கள் கட்டிலுக்குக் கயிறு பின்னிய மாதிரி பின்னிக் கிடக்கின்றன. தோலை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அவைதான். வயதாக ஆக அவை குறைகின்றன. நமக்கு மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், முதல் ஐந்து வருஷத்திலேயே தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவிகிதம் போய்விடுகிறதாம். எண்ணெய்ப் பசையும் குறைந்து தோல் வறண்டு போகும்.

இது இயற்கை. இதை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் முகத்தில் விழும் சுருக்கத்திலும் புள்ளிகளிலும் பெரும் பங்கு வயதினால் வருவதல்ல, வெயிலினால் வருவது என்று டாக்டரம்மா சொன்னார். நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் புறங்கையையும், ரவிக்கைக்குள் மறைந்திருக்கும் தோள்பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதானே!

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அதில் ஒரு வகை தோலைச் சுட்டுக் கருக்கும். இன்னொரு வகை சுடாது. மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவி வந்து, அடியில் இருக்கும் கொலாஜனை அரித்துவிடும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர்களின் கடுமை சுமார் 10 சதவிகிதம் கூடும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் எங்கள் மலை 1,000 மீட்டருக்கு மேல். நாங்களோ குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தலைத் துணியைக் கழற்றி வைக்கிறோம்! வெயில் உறைக்கவில்லை என்பதும் வெயில் இல்லை என்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு 20 வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

வல்லாரை கொரியா போன விதம்

கொரியாக்காரர்கள் வல்லாரையைப் 'பியோங்புல்' என்கிறார்கள். ஆப்பிரிக்கா பக்கத்தில் உள்ள மடகாஸ்கர் தீவிலும் இது நிறைய வளர்கிறது. அங்கே காயத்துக்கும் தோல் புண்ணுக்கும் நாட்டு வைத்தியமாக இருந்ததை, பிரெஞ்சுக்காரர்கள் ஆராய்ந்து சாரத்தைப் பிரித்தெடுத்து மருந்தாக்கினார்கள். அந்தக் களிம்பு 1970-களில் கொரியாவுக்கு வந்து, நம் வீட்டில் பர்னால் இருக்கிற மாதிரி அங்கே வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது. பிறகுதான், காயத்தை ஆற்றுகிற சாரம் கெட்டுப்போன தோலையும் தேற்றாதா என்று முகக் கிரீமில் சேர்க்க ஆரம்பித்தார்கள். டப்பாக்களில் 'சிகா' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது வல்லாரைதான்.

வல்லாரையில் ஏஷியாட்டிகோசைடு, மடேகசோசைடு முதலான நாலு சத்துக்கள் முக்கியமானவை. தோலின் எரிச்சலையும் சிவப்பையும் தணிக்கும். கொலாஜன் உண்டாவதைத் தூண்டும். 2008-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், வெயிலால் மூப்படைந்த தோல் உள்ள 20 பெண்களுக்கு 5 சதவிகித வைட்டமின் சி-யும் 0.1 சதவிகித மடேகசோசைடும் கலந்த கிரீமை 6 மாதம் பூசிப் பார்த்தார்கள். சுருக்கம் குறைந்து தோல் இறுக்கம் கூடியது தெரிந்தது. ஆனால் கவனியுங்கள்: 20 பேரிடம் செய்தது, வைட்டமின் சி-யும் கூட இருந்தது, பலன் தெரிய 6 மாதம் ஆயிற்று.

"அப்படியானால் வரப்பிலிருந்து பறித்து அரைத்துப் பூசிக்கொள்ளலாமே?" என்று கேட்டேன். டாக்டரம்மா வேண்டாம் என்றார். பச்சை இலையில் சத்து எவ்வளவு என்று அளவு கிடையாது. தேங்கிய தண்ணீரில் வளரும் இலையில் கிருமி இருக்கலாம். சிலருக்கு அரிப்பும் வரும். கிரீமில் இருப்பது பிரித்துச் சுத்தம் செய்து அளவு கட்டிய சாரம். என் மாமியார் சொன்னதுதான் சரி: வல்லாரையைத் துவையலாக இலையில் வையுங்கள், முகத்தில் வைக்காதீர்கள்!

மற்ற சரக்குகளில் எது உதவும்?

கொரியாவில் 2000-லிருந்து அமலில் இருக்கும் சட்டப்படி, சுருக்கத்துக்கு, நிறத்துக்கு, வெயில் தடுப்புக்கு என்று சொல்லி விற்கும் கிரீம்கள் தனி வகை. அவற்றில் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அரசாங்கமே பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சில நமக்கும் தெரிந்திருப்பது நல்லது.

நியாசினமைடு: இது வைட்டமின் பி3. கொரியப் பட்டியலில் 2 முதல் 5 சதவிகிதம். கரும்புள்ளி மங்கவும், தோலின் ஈரம் காக்கும் சுவர் பலப்படவும், மெல்லிய கோடுகள் குறையவும் உதவும். பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். விலையும் அதிகமில்லை, நம் நாட்டிலேயே தயாராகிறது. பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும்.

அடினோசின்: சுருக்கத்துக்கான சரக்கு. 0.04 சதவிகிதம் போதும் என்கிறது பட்டியல். மென்மையானது, பலனும் மென்மையாகத்தான் இருக்கும்.

ரெட்டினால்: வைட்டமின் ஏ குடும்பம். சுருக்கத்துக்கு உள்ளவற்றில் நிறைய ஆராயப்பட்டது இதன் குடும்பம்தான். ஆனால் காரம் அதிகம். இரவில் மட்டும், வாரம் இரண்டு நாள், பட்டாணி அளவு என்று தொடங்க வேண்டும். எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்கு எதிர்பார்த்திருப்பவர்களும் தொடவே கூடாது.

ஹையலூரானிக் அமிலம், கிளிசரின், செராமைடு: முதல் இரண்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கும், மூன்றாவது அது ஆவியாகாமல் அடைக்கும். சுருக்கத்தை நீக்காது, ஆனால் வறட்சியால் தெரியும் கோடுகள் மறையும். முகம் கழுவித் துடைத்த ஈரம் காய்வதற்குள் பூசுவது நல்லது. 'அமிலம்' என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம் தோலிலேயே இயற்கையாக இருப்பதுதான்.

நத்தைக் கசிவு: ஆமாம், நத்தையேதான்! நம் பக்கம் மூலத்துக்கு நத்தை சமைத்துச் சாப்பிடுவார்கள்; அங்கே அதன் வழவழப்பை எடுத்துக் கிரீமில் சேர்க்கிறார்கள். தோலுக்கு ஈரம் தரும். பிடிக்காதவர்கள் கிளிசரினோடு நிறுத்திக்கொண்டால் பெரிய நஷ்டமில்லை.

ஜின்செங் வேர், புளிக்க வைத்த அரிசிச் சாரம் போன்றவற்றுக்கும் அங்கே நல்ல பெயர். ஆனால் மேலே சொன்னவற்றுக்கு இருக்கிற அளவு ஆதாரம் இவற்றுக்கு இல்லை. இவற்றுக்காக வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் தலையானது

இத்தனையும் கேட்டுவிட்டு, "இதில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?" என்று கேட்டேன். டாக்டரம்மா டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதில் இல்லாததை. சன்ஸ்கிரீன்."

அதற்கு அவர் காட்டிய ஆதாரம் என்னை யோசிக்க வைத்தது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை வருஷம் கவனித்து, முடிவை 2013-ல் வெளியிட்டார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவிகிதம் குறைவு. தினமும் பூசியவர்களுக்கு அந்த நாலரை வருஷத்தில் தோல் மூப்பு கூடியதாகவே தெரியவில்லை! கொரியப் பெண்கள் பத்து விதக் கிரீம் பூசுகிறார்கள் என்றுதான் நாம் பேசுகிறோம். மழையோ மேகமோ, அவர்களில் எத்தனையோ பேர் சன்ஸ்கிரீன் பூசாமல் வாசல்படி தாண்டுவதில்லை என்பதை யாரும் பேசுவதில்லை.

வாங்கும்போது எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், பி.ஏ. என்பதற்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால் முகம், கழுத்துக்குச் சரியாக இருக்கும். காது மடலையும் புறங்கையையும் மறக்க வேண்டாம். வெளியே கிளம்ப 15 நிமிஷம் முன்னால் பூசி, தோட்டத்தில் நிற்கும் நாட்களில் 2 மணிக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது; ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கருக்க வைக்கும்.

அதுவும் வாங்க முடியாதா? அகலமான விளிம்பு வைத்த தொப்பி, குடை, முழங்கை வரை வரும் சட்டை, இவற்றுக்குச் செலவு ஒரு முறைதான். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை உச்சி வெயிலைத் தவிர்த்து வேலையை மாற்றி வைத்துக்கொள்வதற்குக் காலணாச் செலவில்லை.

அடுப்படியில் இருப்பவை

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். கொரியாவில் சோப்பு வருவதற்கு முன்னால், பச்சைப் பயறு முதலிய பயறுகளை அரைத்த மாவில்தான் முகம் கழுவினார்களாம். அரிசி கழுவிய தண்ணீரில் முகம் அலம்புவதும் அங்கே பழைய வழக்கம். நம் பாட்டிமார்கள் பயத்தமாவு தேய்த்ததும் கழுநீரில் முகம் அலம்பியதும் இதேதானே!

பயத்தமாவு முகத்துக்கு நல்லதுதான். மெல்லிய துணியில் சலித்து, அழுத்தித் தேய்க்காமல் உபயோகிக்க வேண்டும். கழுநீர் தோலை மிருதுவாக்கும். சுருக்கம் போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அன்றாடம் புதிதாக எடுங்கள். நாள் கணக்கில் புளிக்க வைத்துப் பூசினால் கிருமி சேரும். தேங்காய் எண்ணெய் வறண்ட கை கால்களுக்கு அருமை. பரு வரும் முகத்துக்கு ஆகாது. எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகவே போகாதீர்கள். வெயில் பட்டதும் தோல் வெந்து கறுத்துப்போகும்.

வாங்குமுன் பின்பக்கம் பாருங்கள்

கொரியாக் கிரீம்களுக்கு மவுசு கூடக் கூட, போலிகளும் வருகின்றன. இறக்குமதியான டப்பா என்றால் அதன் மேல் நம் அரசின் பதிவு எண், இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், காலாவதித் தேதி இருக்க வேண்டும். வெறும் கொரிய எழுத்து மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களைக் கண்டால் அது ஸ்டீராய்டு. 2018-ல் நம் அரசு இம்மாதிரி 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டது. பாதரசம் கலந்த கிரீம் இன்னும் மோசம். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்கள் பலருக்குச் சிறுநீரக வியாதி வந்ததை 2023-ல் டாக்டர்கள் கண்டு சொன்னார்கள். முகத்தில் பூசியது உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது.

எங்கள் மலைக்குக் கொல்லிப்பாவை என்று ஒரு தெய்வம் காவல். கண்டவரைச் சிரித்து மயக்கிக் கிட்டே வரவைத்துக் கொன்றுவிடும் அழகுப் பதுமை என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். பத்தே நாளில் வெளுக்க வைக்கும் கிரீமும் அந்த ஜாதிதான். உண்மையிலே நல்லது செய்கிற எந்தச் சரக்கும் பத்து நாளில் அதிசயம் காட்டாது. எவ்வளவு சீக்கிரம் பளபளக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

நல்ல கிரீம் என்றாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் சிறிது பூசி, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிறகு முகத்தில் பூசுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு புதுக் கிரீம் ஆரம்பிக்க வேண்டாம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போய்விடும்.

டப்பா தீர்ந்தது

அந்த 900 ரூபாய் டப்பாவை நான் வீணாக்கவில்லை. காலையில் முகம் கழுவி அதைக் கொஞ்சம் பூசி, மேலே சன்ஸ்கிரீன். இரவில் மறுபடி அது. மூன்று மாதம் வந்தது. கண்ணோரத்துக் கோடுகள் போகவில்லை. முகத்தில் வறட்சியும் காந்தலும் போயின. மங்கு, இருக்கிற இடம் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. அதற்குச் சன்ஸ்கிரீனும் தொப்பியும்தான் காரணம் என்று டாக்டரம்மா சொல்கிறார். டப்பா தீர்ந்ததும் அதே மாதிரி இன்னொன்று வாங்கவில்லை. கிளிசரினும் நியாசினமைடும் உள்ள நம் நாட்டுக் கிரீமுக்கு மாறிவிட்டேன். சன்ஸ்கிரீனை மட்டும் மளிகைச் சீட்டில் அரிசி, பருப்போடு எழுதிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் முதலில், "தோட்ட வேலைக்குப் போறவளுக்கு எதுக்கு இந்த அலங்காரம்?" என்று கிண்டல் செய்தார். "தோட்ட வேலைக்குப் போறதாலதாங்க" என்றேன். இப்போது அவருடைய பிடரிக்கும் நான்தான் பூசிவிடுகிறேன்.

போன ஆடி 18-க்கு வல்வில் ஓரி விழா பார்க்கச் செம்மேட்டுக்குப் புறப்பட்டபோது என் ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். அவளையும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போயிருந்தேன், மருந்து நடக்கிறது. முன்பு கன்னத்தை மறைத்து முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருப்பாள். அன்று சன்ஸ்கிரீன் டியூபை நீட்டினேன். வாங்கியவள் உடனே பூசவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்து, "அக்கா, இதில என்னென்ன இருக்குன்னு முதல்ல படிச்சுச் சொல்லு" என்றாள்.

ஒன்று விடாமல் படித்துச் சொன்னேன். அதன் பிறகுதான் இரண்டு பேரும் பூசிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு கிளம்பினோம்.